நிற்கிற கால்

இன்னும் நாலு பேர், நாலு பேருக்குப் பிறகு என் பெண் மோனிஷா, அதுவரைக்கும் கண்ணை மூடக் கூடாது, மூடினால் தூங்கிவிடுவேன், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனில் ரெண்டு மோட்டாருக்கு நடுவே உட்கார்ந்திருந்துவிட்டு நேராக இந்த ஸ்கூல் ஹாலுக்கு வந்தவன், காதுக்குள் மோட்டார் இன்னும் ஓடுகிறது, மேலே சுற்றுகிற மூணு ஃபேனின் சத்தமும் அதில் போய்க் கலந்துகொள்கிறது, எது வெளியே எது உள்ளே என்று பிரிக்க முடியவில்லை. தரையில் மஞ்சள் டேப்பால் மூணு கோடு, ஒன்று முன்னால், ரெண்டு பின்னால் பிரிந்து, நடுவில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள், கை ரெண்டும் இடுப்பில், மற்றக் காலால் ஒரு மரக்கட்டையை முன்கோட்டின்மேல் தள்ளிக்கொண்டே போகிறாள், எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, தள்ளின கால் வழியில் ஊன்றக் கூடாது, பிறகு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஆனால் ரெண்டு காலுக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபுட்பால் டீமில் இடம் கிடையாது, வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கிளம்புகிற ரயிலில் ஏற முடியாது, அடுத்த வருஷம் மோனிஷாவுக்குப் பதினெட்டு ஆகிவிடும், இந்த வயசுக் கணக்கில் மறுபடியும் ஒரு மாநிலப் போட்டி அவளுக்குக் கிடையாது. ஜூன் மாதம் இதே கோட்டில் அவளுக்கு ஏழு வந்தது. வலது அறுபத்திரண்டு, இடது ஐம்பத்தைந்து. ஏழு. அந்த ஏழைத் தூக்கிக்கொண்டு மூணு மாதமாக அலைகிறேன். உமாபதி சார் கோச் மட்டும் இல்லை, பயந்த மனுஷன், போன வருஷம் அவர் கண்முன்னால்தான் பிரின்சி விழுந்தாள், யாரும் இடிக்கவில்லை, யாரும் தொடவில்லை, பந்துக்கு எகிறி ஒற்றைக் காலில் இறங்கினாள், முட்டிக்குள்ளே ஜவ்வு கிழிந்த சத்தம் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது, கயிறு அறுகிற மாதிரி ஒரு சத்தம், அது கேட்ட பிறகுதான் அவள் கத்தினாள். பிரின்சி இப்போது தையல் கிளாஸ் போகிறாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கோடு, இந்தக் கட்டை, இந்த நாலு சென்டிமீட்டர்.

தூக்கம் இல்லாதவனுக்கு எல்லாமே கொஞ்சம் தள்ளித் தெரியும். நான் பதினாறு வருஷமாகத் தள்ளித்தான் பார்க்கிறேன், ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் படுக்கிறவன், காலையில் கொஞ்சம், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரைக்கும் கொஞ்சம் என்று துண்டு துண்டாகத் தூங்குகிறவன், அந்தச் சாயங்காலத் துண்டும் இந்த மூணு மாதமாகப் போய்விட்டது, குடியிருப்பில் எங்கள் வீடு கடைசி மாடி, மேலே மொட்டை மாடி, ஆறேகால் ஆனால் என் தலைக்கு நேர் மேலே யாரோ குதிக்க ஆரம்பித்துவிடுகிறான், தம், தம், தம்ம், பிறகு ஒரு சரக், பிறகு அமைதி, நான் கண்ணைச் சொருகினால் மறுபடியும் தம், தம், தம்ம், சரக். மனுஷன் குதித்தால் ரெண்டு கால் சத்தம் கேட்க வேண்டும். இது ஒற்றைக் கால். சத்தத்தில் நான் ஏமாற மாட்டேன், எந்த மோட்டாரில் பேரிங் தேய்கிறது என்று ஸ்டேஷன் கேட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவேன். துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தேன், ரெண்டு தடவை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடினேன், தண்ணீர்த் தொட்டி, காய்கிற துணி, வேறு ஒருத்தரும் இல்லை. மொட்டை மாடியில் ஒரு ஒத்தக்காலன் இருக்கிறான் என்று ப்ளாக் முழுக்கச் சொல்லிவிட்டேன். தமயந்தி சிரிக்கிறாள். "ஒத்தக்காலனும் இல்ல, மூணு காலனும் இல்ல. நீ அந்த மோட்டாரோடவே குடும்பம் நடத்துறய்யா, எங்கள வெச்சிக்கினு கீறது சும்மா." பெண்டாட்டி சொல்வது நியாயமாகக்கூட இருக்கலாம். மோனிஷாவைக் கேட்டேன், சாயங்காலம் நீ கீழ்வீட்டு நஸ்ரினோடு படிக்கப் போறியே, மேலே எவனாச்சும் ஏறுறதைப் பார்த்தியா என்று. "பேயா இருக்கும் நைனா" என்றாள். அந்த நஸ்ரின், கோல் கீப்பர், இதோ இங்கேயும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தோளை இடித்துக்கொண்டிருக்கிறாள், என்னத்தைத்தான் சிரிப்பார்களோ, பரீட்சை இவளுக்கா எனக்கா.

மூணு பேர். இப்போது நிற்கிற பெண் மெலிந்த பிள்ளை, பாதம் ஒரு சாண்தான் இருக்கும், இடது காலில் நின்று வலது காலால் கட்டையைத் தள்ளுகிறாள், விரல் நடுங்குகிறது, தள்ளிவிட்டாள், திரும்பிவிட்டாள். சோதிக்கிற சில்வியா மேடம் குனிந்து அளவைப் பார்த்து "இடது, ஐம்பத்தெட்டு" என்று சொல்லி எழுதுகிறார். மேடத்துக்கும் தூக்கம் இல்லை போல. போனது வலது கால் அம்மா. அடுத்தது அந்தப் பிள்ளை கால் மாற்றி நிற்கிறாள், வலது காலில் நின்று இடதால் தள்ளுகிறாள். "வலது, அறுபது." மறுபடியும் தப்பு. எழுந்து போய்ச் சொல்லலாமா, யாராவது சொல்ல வேண்டாமா, இதில்தானே ஒரு பிள்ளையின் தலையெழுத்தே இருக்கிறது, என்று நான் பாதி எழுந்தேவிட்டேன், அதற்குள் அந்த மெலிந்த பிள்ளையே கேட்டுவிட்டது. "மேடம், நான் இடது கால நீட்டுனா வலதுன்னு எழுதுறீங்க?" மேடம் நிமிரவே இல்லை. "நீட்டுற கால் சும்மா கட்டையத் தள்ளுது கண்ணு. நிக்கிற கால்தான் உன்ன மொத்தமாத் தாங்குது. நான் மார்க் போடுறது அதுக்கு." நான் பாதி எழுந்தபடியே நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். நிக்கிற கால். நிக்கிற கால்தான். அப்படியானால் ஜூன் மாதக் காகிதத்தில் இடது ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்தது நீட்டின இடது கால் இல்லை. அது நின்ற இடது கால். இடது காலில் நின்றபோதுதான் அவள் தடுமாறினாள். நானோ மூணு மாதமாக, தினமும் காலை ஆறரைக்கு, டூட்டி முடிந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், அவளை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், வால்வுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட்டால் நானே போட்ட கோட்டின்மேல் நிற்க வைத்து, காலி சோப்பு டப்பாவைத் தரையில் வைத்து, இடது கால நீட்டு, இன்னும் நீட்டு, இன்னும், என்று கத்தியிருக்கிறேன். இடது கால் நீட்டினால் நின்றது எது? வலது. நல்ல கால். ஏற்கெனவே நல்லா இருந்த காலையே தொண்ணூறு நாள் நிற்க வைத்து இரும்பாக்கிவிட்டு, நோஞ்சான் காலைக் காற்றில் ஆட விட்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்று, முதல் நாளே அந்தச் சோப்பு டப்பா அறுபத்திரண்டுக்குப் போனது. ஐம்பத்தைந்து போக வேண்டியது எப்படி அறுபத்திரண்டு போகும் என்று ஒரு நிமிஷம் நின்றேன், நின்றேனே, அப்போதாவது யோசித்திருக்கலாம், இல்லை, தமயந்தியின் தையல் டேப்பைப் பார்த்தேன், முனையில் நாலு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது, சரி, இது கூடுதலாகக் காட்டுகிறது, ஏழு கழித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்ன டேப்பையே பொய் சொல்ல வைத்தேன். கிழிந்தது வெறும் துணி, எண்ணே இல்லாத முனை என்று இப்போதுதான் கண்ணுக்குள் தெரிகிறது. போன வாரம் அறுபத்தாறு போனது, ஏழு கழித்து ஐம்பத்தொன்பது என்று சுவரில் எழுதி, இன்னும் மூணுதான்டி பாக்கி என்று அவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்றாள். ஒன்றும் சொல்லாமல் தின்றாள். இல்லை, சொன்னாள், இப்போது ஞாபகம் வருகிறது, முதல் நாள், அந்த முதல் நாளே, கோட்டில் நின்றுகொண்டு, "நைனா, மேடம் இன்னா சொன்னாங்கன்னா, நிக்கிற கால்தான்..." என்று ஆரம்பித்தாள், நான் என்ன சொன்னேன், "பேசாத, கால நீட்டு, இதெல்லாம் படிச்சிட்டுத்தான் வந்துகீறேன்" என்றேன். படித்துத்தான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன், பழைய புத்தகக் கடையில் உடம்பு சாஸ்திரப் புத்தகம் ஒன்று, டிக்ஷனரி ஒன்று, மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் வார்த்தை வார்த்தையாய்ப் பிரித்து, தொடைக்குப் பின்னால் எத்தனை தசை, முட்டிக்குள் எத்தனை ஜவ்வு எல்லாம் சொல்லுவேன். ஒருத்தரையும் கேட்க மாட்டேன். கேட்டால் என்ன குறைந்திருக்கும்? சில்வியா மேடத்துக்கு ஒரு போன். ஒரே ஒரு கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இன்ஜினியரிடம் மீட்டரைக் காட்டி ஏன் சார் முள்ளு இப்படி ஆடுது என்று கேட்டேன், "உனக்கு எதுக்குய்யா அது, சுவிட்ச்சைப் போடு, அமுத்து" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான், அன்றைக்குப் பூட்டின வாய். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கேட்காமலே பதினாறு வருஷம் ஓட்டினேன், யாருக்கும் நஷ்டம் இல்லை, என்னோடு போயிற்று என்று நினைத்தேன். இன்றைக்கு அது என் பெண்ணின் இடது முட்டியில் போய் நிற்கிறது. ஸ்டேஷனில் ரெண்டு பம்ப், ஒன்று ஓடினால் ஒன்று ஓய்வு, மாற்றி மாற்றி ஓட்டாவிட்டால் ஓய்விலிருப்பது இறுகிப்போய் அவசரத்துக்குச் சுற்றாது, இது எனக்குத் தெரியாதா, பம்ப்புக்குத் தெரிந்தது பெண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு ஆள். இதற்கு அடுத்தது அவள்தான். ஏழு இப்போது பதினொன்றாகியிருக்கும். பதினொன்று என்று மேடம் சத்தமாகச் சொல்வார், எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும். அதுகூடப் பரவாயில்லை. பதினொன்றோடு இவள் குதித்து இறங்கினால், இதே ஹாலில், என் கண்முன்னால், அந்தக் கயிறு அறுகிற சத்தம், வேண்டாம், வேண்டாம், எழுந்து ஓடினேன், ஓடினேன் என்று நினைக்கிறேன், உமாபதி சாரின் கையைப் பிடித்துவிட்டேன். "சார், இன்னிக்கு மோனிஷாவுக்கு வேணாம் சார். உடம்பு சரியில்ல. ரெண்டு வாரம் டைம் குடுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேசிங்கண்ணே, உங்களுக்கு உடம்பு சரியா இருக்குதா? பொண்ணு நல்லாத்தான கீது? வெள்ளிக்கிழமை வண்டி, ரெண்டு வாரம் எங்கேந்து குடுக்குறது?" அதற்குள் மோனிஷா வந்துவிட்டாள், வெறுங்காலோடு, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டே. "இன்னா நைனா?" அவள் கையையும் பிடித்துக்கொண்டேன். "இடது கால்... நாம தப்பா... நிக்கிற கால்டி, நீட்டுறது இல்ல..." அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் அம்மாவின் கண். கோபமா இரக்கமா என்று கடைசிவரைக்கும் சொல்லாத கண். "தெரியும் நைனா. போய் குந்து. நீ இப்படி வேர்த்துக்கினு நின்னா எனக்குக் காலு நடுங்கும்." தெரியும். தெரியும் என்றால்? தெரிந்திருந்தும் மூணு மாதம் காலையில் நான் சொன்னபடியே இடதை நீட்டிக்கொண்டு நின்றாளா? யாருக்காக? நைனாவுக்காகவா? டூட்டி முடிந்து கண் எரிய வருகிறானே, பெயின்ட் அடித்துக் கோடு போட்டிருக்கிறானே, தப்பு என்று சொன்னால் வாடிவிடுவானே என்றா? வாடினால் வாடுகிறேன், உன் முட்டியைவிடவா என் முகம் பெரிது, பைத்தியக்காரப் பெண்ணே. உட்கார்ந்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "மோனிஷா, உனக்கு ஜூன்ல ஏழு வந்துச்சில்ல, அதனால நீ மட்டும் மொதல்ல தாவு. ஒத்தக்கால்ல மூணு தாவு, மூணாவதுல அப்படியே நிக்கணும்" என்கிறார் மேடம்.

வலது காலில் தாவினாள், சுத்தமாக, மூணாவதில் கம்பம் மாதிரி நின்றாள், மேடம் தூரத்தைக் குறித்தார். நான் ஊட்டி வளர்த்த கால் அது, நிற்காமல் என்ன செய்யும். இப்போது இடது. கண்ணை மூடிக்கொண்டேன், பார்க்க முடியாது, பிரின்சியைப் பார்த்த கண் இது, இன்னொன்று தாங்காது, மூடிக்கொண்டேன், அதனால் எனக்குச் சத்தம் மட்டும்தான். தம். தம். தம்ம். சரக். அமைதி. ஃபேன் சுற்றுகிறது. எங்கே கேட்டேன் இதை? ஹால் போய்விட்டது, என் பாயில் படுத்திருக்கிறேன், சாயங்காலம் ஆறேகால், கையில் துடைப்பக்கட்டை, தலைக்கு நேர் மேலே, தம், தம், தம்ம், முதல் ரெண்டும் குட்டை, மூணாவது கனம், பிறகு விழாமல் இருக்கப் பெருவிரலைத் திருப்பி ஊன்றுகிற அந்தச் சரக். ஒத்தக்காலன். இதுதான் அவன். சத்தத்தில் நான் ஏமாற மாட்டேன், ஏமாறவே மாட்டேன், பேரிங் சத்தத்தை வைத்து மோட்டாரைச் சொல்பவன், என் பெண்ணின் காலடியை மூணு மாதம் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எவனோ என்று திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். காலையில் நைனாவின் கோடு, சாயங்காலம் தன் கோடு. காலையில் வலது நிற்கும், சாயங்காலம் இடது நிற்கும். மாற்றி மாற்றி. நான் பம்ப்புக்குச் செய்வதை அவள் காலுக்குச் செய்திருக்கிறாள். படிக்கப் போறேன் என்று நஸ்ரினோடு கீழே இறங்கி, நான் படுத்த பிறகு சத்தமில்லாமல் எங்கள் வாசலைத் தாண்டி மேலே ஏறி, நான் ஓடி வந்த ரெண்டு தடவையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கண்ணைத் திறந்தேன். மோனிஷா இன்னும் இடது காலில் நின்றுகொண்டிருக்கிறாள். மேடம் போதும் என்று சொன்ன பிறகும் நின்றுகொண்டிருக்கிறாள்.

இப்போது எனக்குப் பயம் இல்லை, உடம்பில் எங்கே தேடினாலும் இல்லை, மூணு மாதம் தூங்காத கண் பளிச்சென்று விரிந்துவிட்டது. கோட்டுக்கு வந்தாள். வலது காலில் நின்று தள்ளினாள். "வலது, அறுபத்தாறு." அது நம்ம கணக்கு, நான் சுவரில் எழுதாமல் விட்ட கணக்கு. கால் மாற்றினாள். இடது காலில் நின்றாள், கணுக்கால் ஒரு நிமிஷம் படபடவென்று துடித்தது, கட்டையைத் தள்ளினாள், குதிகால் எழும்பிவிட்டது. "தப்பு, இன்னொரு தடவ" என்றார் மேடம். "அடியே, கூரைமேல நிக்கிறதா நெனச்சிக்கோ" என்று கத்தியது நஸ்ரின், உமாபதி சார் முறைத்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஹாலில் நான் ஒருவன்தான் சத்தமாகச் சிரிக்கிறேன். ரெண்டாவது தடவை அறுபது. ஆறு வித்தியாசம். போதாது. மூணு தடவைதான் கணக்கு, இதுதான் கடைசி. அவள் கீழே பார்க்கவில்லை, கட்டையைப் பார்க்கவில்லை, நேர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல உட்காருகிற மாதிரி முட்டியை மடக்கினாள், முட்டி உள்ளே சாயவில்லை, அந்தச் சாய்வுதான் பிரின்சியைத் தள்ளியது, அது இல்லை, இந்த முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறது, இடது தொடை கல்லாக இறுகுகிறது, கட்டை போகிறது, ஐம்பத்தைந்தைத் தாண்டிப் போகிறது, ஜூன் மாதத்தைத் தாண்டிப் போகிறது, என் புத்தகத்தையும் டிக்ஷனரியையும் கிழிந்த டேப்பையும் இன்ஜினியரின் சிரிப்பையும் தாண்டிப் போகிறது, போ, இன்னும் போ, இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை, நின்றது, கால் திரும்பி வந்தது, ஊன்றியது. மேடம் குனிந்தார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தார். "இடது, அறுபத்தஞ்சு." ஒன்று. வித்தியாசம் ஒன்று. ஏழு போய் ஒன்று. நஸ்ரின் தரையில் உருண்டாள். உமாபதி சார் தன் நோட்டில் ஒரு பெயரை எழுதினார், எழுதிவிட்டு யாரும் பார்க்காத மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது, கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்து தமயந்தி, பின்னால் தையல் மெஷின் சத்தம். "இன்னாய்யா ஆச்சு?" "ஒண்ணு" என்றேன். "இன்னா ஒண்ணு?" "வித்தியாசம் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை போறா." அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றேன். "தெரியும். சொல்லாதம்மா, நைனா ரொம்ப ஆசையா கோடு போட்டுகீதுன்னுச்சு. நீ தொடப்பக்கட்டையால இடிக்கிறப்பல்லாம் ரெண்டும் வாயப் பொத்திக்கினு சிரிக்குமாம். வெச்சிடறேன், சூப்பர்வைசர் பாக்குறான்." மோனிஷா வந்து என் பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தாள், சாக்ஸை மாட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கிறாள், திட்டுவேனோ, அழுவேனோ, மறுபடியும் ஏதாவது புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவேனோ என்று. கேட்க நிறைய இருக்கிறது. இனிமேல் கேட்பேன், எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்பேன், ஆனால் இதைக் கேட்க வேண்டியதில்லை. விரல் முட்டியை மடக்கிப் பெஞ்சியின்மேல் தட்டினேன். தம், தம், தம்ம். அவள் சாக்ஸை விட்டுவிட்டாள். என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு, இடது காலின் பெருவிரலைத் தரையில் ஊன்றி, மெல்லத் திருப்பினாள். சரக்.